1911 ஒரு ரூபாய் வாங்கி ஏமாந்தேன், பளபளப்பை நம்பாதீங்க

போன மாசம் கோயம்புத்தூர்ல ஒரு நாணயக் கண்காட்சியில ஐந்தாம் ஜார்ஜ் 1911 ஒரு ரூபாய் வெள்ளிக்காசு 14,000 ரூபாய் குடுத்து வாங்கினேன். ஆறு வருஷமா தேடின காசு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், இதைத்தான் பிக் ருபீ, அதாவது பன்னி ரூபாய்ன்னு சொல்வாங்க, ராஜாவோட அங்கியில இருக்கிற குட்டி யானைக்கு தும்பிக்கை ரொம்ப சின்னதாப் போய் பாக்க பன்னி மாதிரி இருந்ததால ஜனங்க மத்தியில பெரிய எதிர்ப்பு வந்து, அரசாங்கம் காசை நிறுத்தி நிறைய உருக்கிட்டாங்க, 1912ல தும்பிக்கையை நீட்டி புது டிசைன் விட்டாங்க. அதனாலதான் 1911க்கு மட்டும் இந்த விலை.

அந்த வியாபாரி ரொம்ப அன்பாப் பேசினார். "தம்பி, எடை போட்டுப் பாருங்க, காந்தம் வச்சுப் பாருங்க, டூப்ளிகேட்னா பத்து மடங்கு திருப்பித் தரேன்"னு அவரே தராசை எடுத்து வச்சார். எடை 11.6 கிராம், சரியா இருக்கணும்னா 11.66, அதனால எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. மேஜை மேல நாலு பக்கமும் வெள்ளை எல்இடி, காசு பளிச்சுன்னு நிக்குது, "மின்ட் லஸ்டர் அப்படியே இருக்கு பாருங்க"ன்னார், அதாவது அச்சடிச்சப்போ வந்த மினுக்கம். நான் நம்பிட்டேன். போலியான்னு மட்டும்தான் பாத்தேனே தவிர காசை என்ன பண்ணிருக்காங்கன்னு பாக்கல.

வீட்டுக்கு வந்து ராத்திரி மத்த லைட்டெல்லாம் அணைச்சிட்டு ஒரே ஒரு டேபிள் லேம்ப் கீழ காசை விளிம்புல பிடிச்சு மெதுவா சாய்ச்சேன். ராஜா கன்னத்துல ஆரம்பிச்சு முகத்துக்கு முன்னாடி இருக்கிற வெத்து இடம் முழுக்க முடி மாதிரி மெல்லிசா கோடு, எல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு ஓடுது. புழக்கத்துல விழுற கீறல் இப்படி இருக்காது, அது ஒன்னு இங்க ஒன்னு அங்கன்னு தாறுமாறா ஆழமா இருக்கும். ஒரே திசையில வரிசையா இருந்தா யாரோ துணியோ பிரஷ்ஷோ வச்சு தேய்ச்சிருக்காங்கன்னு அர்த்தம். பத்து மடங்கு லென்ஸ் வச்சப்போ எம்பரர்ங்கிற எழுத்தோட இடுக்குல வெள்ளையா பேஸ்ட் காஞ்சு கிடக்கு, கிரீடத்து மடிப்புல பழைய கறுப்பு அப்படியே இருக்கு. தேய்ச்ச கை மேட்டுலயும் சமதளத்துலயும்தான் பட்டிருக்கு, பள்ளத்துக்குள்ள போகல. வயிறு எரிஞ்சு போச்சு, ஏன்னா காசு ஒரிஜினல், நூறு வருஷத்துக்கு மேல தாண்டி வந்த காசை ஒருத்தர் பத்து நிமிஷத்துல நாசம் பண்ணிட்டார்.

லஸ்டர்னா வெறும் பளபளப்பு இல்லைங்க, இதை தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க. அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவுலேந்து வெளிப்பக்கமா இழுபட்டுப் போகும், அதுல கண்ணுக்குத் தெரியாத வரிகள் உண்டாகும். காசை சாய்ச்சா அந்த வரியில பட்ட வெளிச்சம் சக்கரத்தோட ஆரக்கால் மாதிரி சுத்தி ஓடும். என் காசுல எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி மினுங்குது, ஓட்டமே இல்ல. எங்க ஆச்சி அஞ்சறைப் பெட்டியில வச்சிருந்த 1918 ரூபாயை எடுத்துப் பக்கத்துல வச்சேன். சாம்பல் நிறம், ஓரத்துல லேசா மஞ்சளும் பழுப்பும், அதுல கூட எழுத்தைச் சுத்தி இன்னும் கொஞ்சம் லஸ்டர் ஓடுது. அதுலேந்து ஒன்னு புரிஞ்சது, ராஜாவோட புருவமும் மீசையும் தேஞ்சிருந்தும் காசு புதுசு மாதிரி மின்னினா அங்கயே சந்தேகப்படணும். தேஞ்ச வெள்ளி மங்கித்தான் இருக்கும்.

தேய்க்காம டிப் பண்றவங்களும், அதாவது ஆசிட் கலந்த தண்ணியில முக்கி எடுக்கிறவங்களும் இருக்காங்க, அதுல கீறல் இருக்காது, கண்டுபிடிக்கிறது இன்னும் கஷ்டம். காத்துல இருக்கிற கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்குது, அந்தக் கறுப்பை அந்தத் தண்ணி எடுக்கும்போது அதுல சேந்துபோன வெள்ளியும் கூடவே போயிடும். திரும்பத் திரும்ப முக்கினா லஸ்டர் வரியெல்லாம் கரைஞ்சு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி உயிரில்லாத வெள்ளையாயிடும். செப்புக் காசுன்னா ரோஸ் கலந்த ஆரஞ்சு நிறம் காட்டிக் குடுத்துடும். இன்னும் சிலர் க்ளீன் பண்ணதை மறைக்க நீலமும் ஊதாவுமா கலர் ஏத்தி டோனிங், அதாவது காலப்போக்குல தானா வந்த நிறம்ன்னு விக்கிறாங்க, அந்தக் கலர் கீறலுக்குள்ளயும் இறங்கியிருந்தா கீறல் முதல்ல, கலர் அப்புறம்.

மறுநாள் அந்த வியாபாரிக்கு போன் பண்ணினேன். "ஏன் தம்பி, நூறு வருஷ அழுக்கோடவா விப்பாங்க, லேசாத் துடைச்சோம், காசு ஒரிஜினல்தானே"ன்னு கட் பண்ணிட்டார். மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர், நாப்பது வருஷமா சேக்கிறவர், கையில வாங்கி ஒரு தடவை சாய்ச்சுட்டு "இதுக்கு 4,000 குடுத்தாலே அதிகம்யா"ன்னார். பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி காசோட தரத்தைப் பாத்து நம்பர் போட்டுத் தர்ற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினாலும் இந்த மாதிரி காசுக்கு நம்பர் கிரேடு வராது, க்ளீன்டுன்னு எழுதித்தான் திருப்பி அனுப்புவாங்க.

வீட்டுல பழைய வெள்ளிக்காசு இருக்கிறவங்க விபூதி, புளி, பல்பொடி, பேக்கிங் சோடா எதுவும் போடாதீங்க, பூஜைப் பாத்திரம் வேற காசு வேற. பிளாஸ்டிக் கவர்ல வச்சு பச்சையா பிசுபிசுன்னு ஆயிருந்தா சுத்தமான அசிட்டோன்ல ஊறவச்சு எடுங்க, ஜன்னல் திறந்து, அடுப்பு பக்கம் வேணாம், தேய்க்கக் கூடாது. அது வெள்ளியைத் தொடாது, பிசுக்கை மட்டும் எடுக்கும்.

வாங்கப் போறவங்க ஒரு லென்ஸும் சின்ன டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க. காசை அவங்க மேஜை லைட்டை விட்டுத் தள்ளிக் கொண்டு போய், கவர்லேந்து வெளிய எடுத்து, ஒரே ஒரு லைட் வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் முழுசா ஒரு சுத்து சுத்திப் பாருங்க. பில்லுல "க்ளீன் பண்ணாத காசு"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா காசைக் கீழ வச்சிட்டு வந்துடுங்க.