மார்த்தாண்டம் பக்கம் வெட்டுக்கத்தி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். மார்த்தாண்டத்துக்குப் போகிற வழியில் ஒரு ரோட்டோரக் கடை. “அசல் லாரி பிளேட்டுல அடிச்சது, ஆயுசுக்கும் உழைக்கும்” என்று சொல்லி (லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைத்தான் பிளேட் என்கிறார்கள்) 900 ரூபாய்க்கு ஒரு வெட்டுக்கத்தி தந்தார்கள். காய்ந்த பலாக்கொம்பில் போட்டதுமே கத்தியின் வெட்டுவாயிலிருந்து நகமளவு துண்டு தெறித்துப் போனது. கண்ணில் படாதது புண்ணியம்.

திருப்பிக் கொண்டுபோனால், “கல்லுல வெட்டியிருப்பீங்க” என்றார் கடைக்காரர். சண்டை முற்றியதும், மாற்றித் தரமாட்டேன், சரிசெய்து தருகிறேன் என்று கிரைண்டரை எடுத்தார். தண்ணீர் ஒரு சொட்டுத் தொடவில்லை. பொறி பறக்கத் தேய்த்த தேய்ப்பில் வாய் நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போனது. வீட்டுக்கு வந்து வெட்டினால் இப்போது தெறிக்கவில்லை, மடங்குகிறது!

திருவட்டார் பக்கம் வயதான கொல்லர் ஒருவரிடம் காட்டினேன். தெறித்த துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்தவர், “பிள்ளே, இது பிளேட்டாக்கும், அதுல பொய்யில்ல. ஆனா உலையில போட்டு எரிச்சிருக்கானுவ. தோய்ச்சலும் சரியில்ல” என்றார். தோய்ச்சல் என்றால் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது. உடைந்த இடம் சீனி மாதிரி மினுங்கியது. நல்ல தோய்ச்சல் என்றால் அது நைசாக, மங்கலான சாம்பலாக இருக்குமாம்.

விஷயமே அந்த மினுக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிங் பிளேட்டில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். 850 டிகிரி வாக்கில் காய்ச்சினால் அது இரும்பின் படிகங்களுக்குள் கரைந்துவிடும். சட்டென்று எண்ணெயில் முக்கினால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கி, படிகத்தின் வடிவத்தையே இழுத்துவிடும். இதுதான் மார்ட்டன்சைட், மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரியும். கத்தியின் கடினமும் இதனால்தான், நொறுங்குகிற குணமும் இதனால்தான். அதனால் 200 டிகிரிக்கு மேல் அளவாக மறுசூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும். கார்பனில் கொஞ்சம் நுண்துகள்களாகப் பிரிந்து இறுக்கம் தளரும். இந்த இரண்டாவது சூட்டை மிச்சம் பிடித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு முதல் சூடு அளவு மீறி, படிக மணிகள் பெருத்துவிட்டன, அவைதான் சீனி மாதிரி மினுங்கின. மணி பெருத்த உருக்கில் விரிசல் தடையில்லாமல் ஓடும். அப்புறம் கிரைண்டர் சூடு, இருந்த கடினத்தையும் வாயிலிருந்து கழற்றிவிட்டது.

லாரி பிளேட் என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன அரம் கொண்டுபோய் வாயில் லேசாக வைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டே போனால் பதம் இறக்காதது. சுலபமாக அரித்தால் தோய்ச்சலே ஏறாதது. தயங்கித் தயங்கிப் பிடிக்க வேண்டும். அரம் வைக்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். தண்ணீர் தொடாத கிரைண்டரிடம் எந்தக் கத்தியையும் கொடுக்காதீர்கள்.

கொல்லர் அதே கத்தியைச் சரியான சூட்டில் காய்ச்சி ஆறவிட்டு மணியைச் சிறிதாக்கி, திரும்பத் தோய்த்துப் பதம் இறக்கிக் கொடுத்தார். கூலி 250 ரூபாய். கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டால், பில் எங்கே என்கிறார். அவர் பில்லே போடுவதில்லை.