கேஸ் கார்டுல ஒரு கம்பெனி, லெட்டர்ல ஒரு கம்பெனி, ஏஜென்ட் சொன்னது வேற கம்பெனி

நம்ம வீட்டுக்கு கேஸ் சப்ளையர் யாருன்னு காட்டுற ஒரு வெப்சைட்டுக்கும், அதுல கண்டுபிடிச்ச சப்ளையருக்கும் ரிவ்யூ இது. லண்டன் ஈஸ்ட் ஹாம்ல போன நவம்பர்ல வீடு மாறினோம். சாவி கொடுத்த ஏஜென்ட், கிச்சன் ட்ராயர்ல கேஸ் கார்டு இருக்கு, டாப்-அப் பண்ணிக்கோங்கன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாரு. ஊர்ல சிலிண்டர் புக் பண்ணி பழகின ஆளு நான், ப்ரீபெய்டு சிம் மாதிரிதானே இருக்கும்னு கடைல 20 பவுண்டு ஏத்திட்டு வந்து, மாடிப்படிக்குக் கீழ இருந்த அட்டைப்பெட்டி எல்லாத்தையும் ஒதுக்கி மண்டி போட்டு உக்காந்து மீட்டர்ல கார்டைச் சொருகினா கிரெடிட் 8 பவுண்டு சில்லறைன்னு காட்டுது. மிச்ச 12 எங்கடா போச்சுன்னு அந்த சிவப்பு பட்டனை அமுக்கிக்கிட்டே போனா கடைசில 140 பவுண்டு கடன்னு வருது. அந்த வீட்ல இன்னும் ஒரு டீ கூட போடல நாங்க!

ஏஜென்ட்டுக்கு போன் போட்டா ஒரு கம்பெனி பேரு சொன்னாரு. அங்க கூப்பிட்டு அரை மணி நேரம் பாட்டு கேட்டதுக்கு அப்புறம், உங்க அட்ரஸ்ல கரண்ட் மட்டும்தான் எங்களோடது, கேஸ் எங்க கிட்ட இல்லைன்னாங்க. இங்க ரெண்டும் வேற வேற கம்பெனியா இருக்கலாம்னு அப்பதான் தெரியும். கார்டு மேல இருக்கிறதோ இன்னொரு பேரு. வாசல்ல கிடந்த லெட்டர்ல மூணாவதா ஒண்ணு, அதுவும் முன்னாடி குடியிருந்தவர் பேருக்கு.

வழி காட்டினது நான் டாப்-அப் பண்ண கடைல இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான். கார்டைத் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இந்தக் கொம்பனி மூடிக் கனகாலம். இனி இதில காசு போடாதேங்கோ, முதல் ஆர் உங்கட சப்ளையர் எண்டு பாருங்கோ"ன்னாரு. தனக்கு டாப்-அப் வியாபாரம் போனாலும் பரவால்லன்னு சொல்ற கடைக்காரரை எங்க பாக்க முடியும். 2021-ல கேஸ் விலை ஏறினப்போ இங்க இருபதுக்கும் மேல சின்ன கம்பெனிங்க வரிசையா மூடிருச்சு, கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆஃப்ஜெம் அந்த கஸ்டமர்களை எல்லாம் வேற கம்பெனிகளுக்கு மாத்தி விட்டுச்சு. பழைய கார்டு மட்டும் ட்ராயர்லயே தங்கிருச்சு.

இப்ப ரிவ்யூவுக்கு வரேன். ஃபைண்ட் மை சப்ளையர்னு ஒரு வெப்சைட், காசு கிடையாது, லாகின் கிடையாது. போஸ்ட்கோடு போட்டு வீட்டு நம்பரை செலக்ட் பண்ணா கேஸ் சப்ளையர் பேரும் எம்.பி.ஆர்.என்ங்கிற கேஸ் கனெக்‌ஷன் நம்பரும் வந்துருது, ரெண்டு நிமிஷம் கூட ஆகல. மீட்டர் மேல பார்கோடு பக்கத்துல இருக்கிறது சீரியல் நம்பர், அது வேற, நான் முதல்ல அதைப் படிச்சு சொல்லித்தான் ஒரு போன் கால் வீணாச்சு. இதுல கேஸ் மட்டும்தான் வரும், கரண்ட்டுக்கு எங்க ஏரியால லைன் கம்பெனியான யூகே பவர் நெட்வொர்க்ஸ் கிட்ட கேக்கணும். இந்த சைட்டுக்கு கண்ணை மூடிட்டு அஞ்சு ஸ்டார்.

சப்ளையர் யாருன்னு பாத்தா அந்த லெட்டர் கம்பெனியேதான். அவங்களுக்கு ரெண்டரை ஸ்டார், அதுவும் நாலாவது தடவை போன் எடுத்த அந்தப் பொண்ணுக்காக. முதல் மூணு பேரும் கடனைக் கட்டிட்டு வாங்கன்னே நின்னாங்க. இந்தப் பொண்ணு மட்டும்தான் குடி வந்த தேதி என்னன்னு கேட்டு, வாடகை அக்ரிமென்ட்டையும் மீட்டர் போட்டோவையும் மெயில்ல வாங்கிட்டு, கடன் முன்னாடி குடியிருந்த ஆளோடது, வீட்டோடது இல்ல, நீங்க கட்ட வேணாம்னு சொல்லுச்சு. அந்த 12 பவுண்டும் அவரு எடுத்த எமர்ஜென்சி கிரெடிட் (கார்டுல காசு தீர்ந்தா மீட்டர் கடனா கொடுக்கிறது), வீடு பூட்டிக் கிடந்த நாளோட ஸ்டாண்டிங் சார்ஜ், அப்புறம் கடன்ல ஒரு வாரத் தவணையாம். ஸ்டாண்டிங் சார்ஜ்ங்கிறது அடுப்பே பத்த வைக்கலைன்னாலும் தினம் ஏறும், அப்ப முப்பது பென்ஸ் கிட்ட இருந்துச்சு. பொங்கலுக்கு மூணு வாரம் ஊருக்குப் போறவங்க கிளம்பும்போது கொஞ்சம் ஏத்தி வச்சுட்டுப் போங்க.

புது கார்டு தபால்ல நாலு நாள் கழிச்சு வந்துச்சு, அதுவரைக்கும் ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு கம்பளியோட ஒப்பேத்தினோம். புது கார்டைச் சொருகினதும் கடன் அழிஞ்சு, 12 பவுண்டும் கிரெடிட்டா வந்துருச்சு. இழுத்தடிச்சா எட்டு வாரம் பாத்துட்டு இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற எனர்ஜி ஆம்புட்ஸ்மேன் கிட்ட போலாம்னு இருந்தேன், அது தேவைப்படல.

புதுசா வீடு எடுக்கிறவங்க சாவி வாங்கின அன்னைக்கே மீட்டர் ஸ்க்ரீனை ஒண்ணு விடாம போட்டோ எடுத்துடுங்க, சப்ளையர் யாருன்னு பாக்காம ட்ராயர் கார்டுல ஒரு பென்னி போடாதீங்க. அந்த முன்னாடி குடியிருந்தவருக்கு லெட்டர் இன்னும் வருது, இந்த ஆள் இங்க இல்லைன்னு கவர் மேல எழுதி தபால் பெட்டில போட்டுட்டு இருக்கேன்.