கடைசிக் காசு கொடுக்க முதல் ஃபைலைத் திறந்து பாருங்கள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்காரர் லோகோவுக்கும், அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லும் பிராண்ட் கைட்லைனுக்கும் சேர்த்து வடிவமைப்பாளர்களுக்கு முழுக்காசையும் கட்டிவிட்டார். வட்ஸ்அப்பில் வந்தது 24 பக்கப் பீடிஎஃப். பார்க்க நல்ல வடிவு. ஆறாம் பக்கத்தில்தான் குட்டு வெளிப்படுகிறது: லோகோவைச் சுற்றி அதிலுள்ள ஆங்கில ‘பீ’ எழுத்தின் உயரமளவு இடம் விட வேண்டுமாம். அவருடைய லோகோவில் ‘பீ’யே இல்லை! வேறு யாருக்கோ செய்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பெயர்ப்பலகை அடிக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். லோகோ 1000 பிக்சல் அகல ஜேபெக். 12 அடிப் பலகையில் ஒரு பிக்சலே மூன்றரை மில்லிமீற்றருக்கு மேல் வரும், விளிம்பெல்லாம் படிக்கட்டு. ‘ஏஐ ஃபைலும் தந்தோமே’ என்பார்கள், இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் ஃபைலைத்தான் சொல்கிறார்கள். அதற்குள்ளும் அதே ஜேபெக்கை ஒட்டியிருப்பார்கள். இலஸ்ட்ரேட்டரில் திறந்து கொன்ட்ரோல்-வை அழுத்துங்கள். வளைகோடு தெரிந்தால் வெக்டர் (எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாத கோட்டு வரைவு), வெறும் பெட்டி தெரிந்தால் படம். கோட்டில் புள்ளிகள் எறும்பு மொய்த்ததுபோல் இருந்தால் ஆட்டோ ட்ரேஸ், அதாவது படத்தை மென்பொருளே கோடாக மாற்றியது. வினைல் வெட்டும்போது ஓரம் நடுங்கும்.

நிறத்துக்குத் திரைக்கான ஹெக்ஸ் கோட் மட்டும் கொடுத்திருந்தார்கள். திரையில் மின்னும் கடல் நீலப்பச்சை நான்கு மைகளில் அப்படியே வராது. ஒவ்வொரு அச்சகமும் தன்பாட்டுக்கு மாற்ற, பில் புத்தகம் ஒரு நிறம், ரீசேட் இன்னொரு நிறம். அந்த நான்கு மைகளின் அளவைச் சொல்லும் சீஎம்வைகே எண்களோடு அச்சடித்த மாதிரித் துண்டையும் வாங்குங்கள்.

மோசமானது தமிழ்ப் பகுதி. பெயரைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை. பாமினி இல்லாத கணினியில் ‘கடல்’ என்ற சொல் எஃப், எல், வை, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் படித்தால் ‘ஃப்ளை’. கடலைக் காட்டி விருந்தினரை அழைக்கும் விடுதிக்கு இது தேவையா? மும்மொழியிலும் பலகை வைக்கும் ஊரில் சிங்களத்துக்குக் கைட்லைனில் ஒரு வரிகூட இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், சிங்கள எழுத்துருக்கள் இலவசம், வியாபாரத்துக்கும் பாவிக்கலாம். ஆனால் மேலே சுழியும் கீழே கொம்பும் வெட்டுப்படாத வரி இடைவெளியைக் கைட்லைனே சொல்ல வேண்டும்.

மூன்றில் ஒரு பங்குக் காசைப் பிடித்து வையுங்கள்: எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைல், ஒற்றை நிற லோகோ, எழுத்துரு உரிமம், உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிய கடிதம் நாலும் கைக்கு வரும்வரை. லோகோவிலுள்ள அலைப் படத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். யாரும் எடுக்கக்கூடிய ஆயத்த வடிவங்கள் உள்ள வார்ப்புருத் தளத்து அலை நாளைக்கு நிலாவெளியில் இன்னொரு பலகையிலும் ஏறும்.