380 பவுண்டு போச்சு: விலங்குத்தலை ஸ்போரன் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எனக்கு ஸ்போரன் விற்ற ஆளிடமிருந்து நேற்று ராத்திரிதான் கடைசிப் பதில் வந்தது. 'இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்' என்று ஒரே வரி. 380 பவுண்டு. ரூபாயில் நாற்பதாயிரத்துக்கு மேல். கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் இருக்கிற நம்மவர்கள் கல்யாணம், விருந்து என்று கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கட்டம்போட்ட பாவாடை) கட்டுகிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும்.

கில்ட்டில் பாக்கெட் கிடையாது. அதற்காக முன்பக்கம் சங்கிலியில் தொங்கவிடும் பைதான் ஸ்போரன். பகலில் சாதாரணத் தோல் பை, மாலை விருந்துக்கு உலோக விளிம்பு வைத்த ரோமப் பை, பேக்பைப் என்ற பை வைத்த ஊதுகருவி வாசிப்பவர்களுக்கு நீளமான குதிரைமுடி. இன்னொரு வகையில் விலங்கின் தலையே பைக்கு மூடி. நரி, நீர்நாய், காட்டுப்பூனை, அப்புறம் பேட்ஜர். வெள்ளை முகத்தில் கண் வழியாக இரண்டு கறுப்புப் பட்டை ஓடுமே, வளை தோண்டி வாழும் அந்த விலங்கு.

என் மாமனார் ஸ்காட்லாந்துக்காரர். ஆர்கில் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் சார்ஜெண்டாக இருந்தவர். அங்கே சாதாரண வீரர்களுக்கு ஆறு குஞ்சம் வைத்த குதிரைமுடி ஸ்போரன். பேட்ஜர் தலை அதிகாரிகளுக்கும் சார்ஜெண்டுகளுக்கும் மட்டும். 2006இல் அந்தப் படைப்பிரிவையே மற்றவற்றோடு இணைத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவர் முகம் மாறிவிடும். அவரிடம் மிச்சமிருப்பது ஒரு புகைப்படம்தான். அவருடைய 75வது பிறந்தநாளுக்கு ஒரு பேட்ஜர் தலை ஸ்போரன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நானும் மனைவியும் ஒரு வருஷமாகப் பணம் சேர்த்தோம்.

பழைய பொருட்களை ஆட்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில் அது கிடைத்தது. '1930களில் செய்தது, குடும்பச் சொத்து' என்று போட்டிருந்தது. யாருக்காக வாங்குகிறேன் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்: 'என் தாத்தாவும் அதே படைப்பிரிவுதான். எங்கள் வீட்டில் இப்போது யாரும் கட்டுவதில்லை. அருமை தெரிந்தவர் கைக்குப் போனால் போதும்.' கூடவே சீருடையில் ஒரு கிழவரின் பழுப்பேறிய படம். அந்தப் படத்தைப் பார்த்ததும் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் விழுந்த இடம் அதுதான்.

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 1992ஆம் ஆண்டு பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி செத்த பேட்ஜரின் எந்தப் பாகத்தை வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை மீறிக் கொல்லப்பட்டதல்ல என்று காட்ட முடிந்தால் தப்பிக்கலாம். அதனால் சான்று கேட்டேன். 'என் அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் பெட்டியிலேயே வரும்' என்றார். சரி என்றேன். தளத்தின் கமிஷன் இரண்டு பேருக்கும் மிச்சமாகட்டும், நேராக வங்கியில் போடுங்கள் என்றார். அதற்கும் சரி என்றேன். 380 பவுண்டு, ஒரே தவணை.

பெட்டி வந்தது, கடிதம் வரவில்லை. திறந்ததும் சரியாகப் பதப்படுத்தாத தோலின் வீச்சம். கேட்டால், கடிதம் தனியாகத் தபாலில் வருகிறதாம். அடுத்த வாரம் அப்பா ஊரில் இல்லையாம். அதற்கடுத்த வாரம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்.

பிறந்தநாள் அன்று மாமனார் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பேசவே இல்லை. பெல்ட் கொக்கிக்குக் கீழே நாலு விரல் வைத்து அளந்து, பின்பக்க வாரைக் கில்ட்டின் வளையங்களில் கோத்துக் கட்டிக்கொண்டார். தலை வைத்த ஸ்போரன் கனமானது, வார் தளர்ந்தால் தொடையில் இடிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ரோமம் படிந்த திசையில் தடவினார். ஒரு காது கையோடு வந்துவிட்டது. அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, 'ஒட்டிவிடலாம் மகனே' என்றார். அன்று முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

ஒட்டுவதற்காக ஸ்போரன் செய்கிற ஒரு கைவினைஞரிடம் எடுத்துப்போனேன். அவர் உள்துணியைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினார். தையல் முழுக்க நைலான் நூல். மூக்குக்குப் பின்னால் வெள்ளை நுரை அச்சு. நைலான் விற்பனைக்கு வந்ததே 1930களின் கடைசியில்தான். 'இதற்கு ஐந்து வயதுகூட இருக்காது, சான்றுக் காகிதம் இல்லாமல் இதில் நான் கை வைக்க மாட்டேன்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்போது இதைக் கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. அந்த ஆளைக் கேட்டால் 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார். பார்த்தது நாலு படம்! இணையச் சந்தையைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, அதனால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. வங்கியிலோ, பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது மோசடி இல்லை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான தகராறு என்று முடித்துவிட்டார்கள். 380 பவுண்டு எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரிகிறது, திருப்பித் தரத்தான் யாரும் இல்லை.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதையாவது பாருங்கள். காகிதம் கைக்கு வராமல் காசு அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் போடவே போடாதீர்கள். நீர்நாய், காட்டுப்பூனை என்றால் இன்னும் கடுமை: 1994க்குப் பிறகு கொல்லப்பட்டது என்றால் ஸ்காட்லாந்தில் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். நரிக்கு அந்தத் தொல்லை இல்லை. நேரில் போய் முகர்ந்து பாருங்கள், காதை மெதுவாக வளைத்துப் பாருங்கள், உள்துணியைத் தூக்கி நூலைப் பாருங்கள். தாத்தா படம் அனுப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பெட்டியையும் வந்த செய்திகளின் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு இப்போது காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறேன். மாமனாரும் கூட வருகிறேன் என்கிறார். காது இன்னும் அவர் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.