நீட் ரேங்க் கையில்: மறுமுயற்சியா, வெளிநாடா, வேறு படிப்பா?

நீட் முடிவு வந்த மறுநாள் காலை. பள்ளி வராந்தாவில் காத்திருந்த ஒரு அப்பா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "சார், பாப்பா பாஸாயிடுச்சு. எந்த ஊர் காலேஜுன்னு மட்டும் சொல்லிடுங்க, ஹாஸ்டல் பாக்கணும்." திரையில் 231 மதிப்பெண். பக்கத்தில் தகுதி பெற்றார் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி ஊரில் இனிப்பும் கொடுத்துவிட்டார். மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்தும் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் இந்த உரையாடல்தான் மிகவும் கனமானது.

நீட்டில் தகுதி பெறுவதும் இடம் கிடைப்பதும் வேறு வேறு. பொதுப் பிரிவுக்கு 50 பெர்சன்டைல் (எழுதியவர்களில் 50 விழுக்காட்டினருக்கு மேலே இருப்பது), இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 பெர்சன்டைல் என்பதே தகுதிக் கோடு. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் தாண்டும்படியே அந்தக் கோடு போடப்பட்டிருக்கிறது. 2025இல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.2 லட்சம். அதிலும் ஏறத்தாழ பாதி தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. அதாவது தகுதி பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்கு எங்காவது ஓர் இடம். இருபது பேரில் ஒருவருக்கு அரசுக் கல்லூரி இடம்.

இன்னொரு தவறு, மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது. 2024இல் திருத்தப்பட்ட முடிவிலும் 17 பேர் 720க்கு 720 வாங்கியிருந்தார்கள். 650 எடுத்தவருக்கு அகில இந்திய ரேங்க் முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. 2025இல் இயற்பியல் வினாக்கள் பிழிந்தெடுத்துவிட்டன. முதலிடமே 686தான், 650க்கு மேல் வாங்கியவர்கள் நாடு முழுக்க 73 பேர். எனவே "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 600க்குக் கிடைச்சுதே" என்ற பேச்சால் ஒரு பயனும் இல்லை. தமிழ்நாட்டில் 85 விழுக்காடு மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தரவரிசைப் பட்டியல் வெளியிடும். அதில் உங்கள் மாநில ரேங்க், வகுப்புவாரி (சமூகப் பிரிவு வாரியான) ரேங்க் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு உங்கள் சமூகப் பிரிவில் கடைசி அரசு இடம் எந்த ரேங்கில் முடிந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு ஒன்றுதான் ஓரளவு உண்மை பேசும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் கணக்கே மாறிவிடும். 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தனிப் பட்டியல், தனிப் போட்டி. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது தெரியாமல் "நமக்கெல்லாம் எங்க" என்று விண்ணப்பமே போடாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொதுப் பட்டியலின் கட்-ஆஃபைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் ஒருபோதும் பின்வாங்கக் கூடாது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் மறுமுயற்சியைப் பார்ப்போம்.

மறுமுயற்சிக்குச் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டில் இருந்து படிக்கப் போகிறான், அவ்வளவுதானே என்று. பயிற்சி மையக் கட்டணம், விடுதி, எல்லாவற்றுக்கும் மேல் பதினெட்டு வயதில் ஓர் ஆண்டு. அது சும்மா வருவதில்லை. ஆனாலும் முதல் மறுமுயற்சியை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பிள்ளை முதல் முறை பொதுத்தேர்வுப் படிப்போடு சேர்த்து, தனியாகத் தயாராகாமல் எழுதியிருக்க வேண்டும்; அப்படியும் உயிரியலில் 360க்கு 250ஐத் தொட்டிருக்க வேண்டும். இயற்பியல்தான் இழுத்திருக்கிறது என்றால் ஓராண்டில் அதைச் சரி செய்ய முடியும். மூன்று பாடத்திலும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் ஓராண்டு போதாது. இரண்டாவது மறுமுயற்சிக்கு யாராவது என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றே சொல்கிறேன். நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. விதி அனுமதிக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் மனம் தாங்கும் என்று ஆகிவிடாது. மூன்றாவது முறை எழுதிய ஒரு மாணவி தேர்வு மையத்திலிருந்து வெளியே வந்து, கேள்வித்தாள் எப்படி என்று கேட்ட அம்மாவிடம், "தூங்கணும்மா" என்று மட்டும் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அடுத்து, பணம் கொடுத்து எம்பிபிஎஸ். இங்கே மூன்று கதவுகள். சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி கடந்த சில ஆண்டுகளில் ஆண்டுக்கு நாலரை லட்சம் வாக்கில் இருந்தது. அதே கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் அது 13.5 லட்சமாக இருந்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் 20 லட்சத்தைத் தாண்டும். அங்கே படிப்பு முடியும்போது ஒரு கோடி ரூபாய் ஆகிவிடும். முதல் கதவைக் கடன் வாங்கியாவது திறக்கலாம் என்பேன். மற்ற இரண்டுக்கும் நிலத்தை விற்க நினைப்பவர்கள் ஒரு கணக்கு போட வேண்டும். ஐந்தரை ஆண்டு முடிந்து வெளியே வரும் எம்பிபிஎஸ் மருத்துவர் அங்கே நிற்பதில்லை. நீட் பிஜி என்ற அடுத்த நுழைவுத் தேர்வு, அதன்பின் மூன்றாண்டு மேற்படிப்பு. அதற்கும் பணம் வேண்டியிருக்கும்போது விற்க நிலம் இருக்காது.

வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றி ஏஜெண்டுகள் சொல்லாததை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று பட்டியல் நீளும். கட்டணம் இங்குள்ள நிர்வாக ஒதுக்கீட்டோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகள் கறாரானவை. நீட் தகுதி கட்டாயம். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். திரும்பி வந்த பிறகு, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும், அதற்கும் பிறகு இங்கே ஓராண்டுப் பயிற்சி. 2024 ஜூனிலும் 2025 ஜூனிலும் அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான் தேறினார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்தபோது அங்கு படித்த ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் பாதிப் படிப்போடு திரும்பி நின்றதையும் மறக்க முடியாது. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. இங்கே வகுப்பில் ஆசிரியர் துரத்தினால்தான் படிக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். கல்லூரி பற்றி ஏஜெண்டு பேசும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க மூலமா போய், எஃப்எம்ஜிஇ முடிச்சு, இப்ப இங்க வேலை பாக்குற மூணு பேர்கிட்ட பேசணும்." பெரும்பாலும் பேச்சு அங்கேயே திசை மாறும்.

இனி மாற்றுப் படிப்புகள். இவற்றை ஒப்பிடும்போது "டாக்டர் மாதிரிதானே" என்ற அளவுகோலைத் தூர வையுங்கள். அதனால்தான் பிள்ளைகள் தவறான படிப்பில் போய் விழுகிறார்கள். தினமும் கையால் என்ன வேலை செய்யப் போகிறோம், அதைத் தனியாகச் செய்ய முடியுமா, முடித்த உடனே சம்பளம் உண்டா. என் அளவுகோல் இந்த மூன்றும்தான்.

பல் மருத்துவம், சித்த மருத்துவம் இரண்டுக்கும் நீட் வேண்டும். பல் மருத்துவப் படிப்பான பிடிஎஸ், பயிற்சியோடு சேர்த்து ஐந்து ஆண்டு. முடித்ததும் சொந்தமாகக் கிளினிக் போடலாம். பெருநகரங்களில் தெருவுக்கு இரண்டு பல் மருத்துவமனை வந்துவிட்டது. சிறு ஊர்களில் இன்னும் தேவை இருக்கிறது. கை நுணுக்கம் உள்ளவர்களுக்கு நல்ல படிப்பு. சித்தா ஐந்தரை ஆண்டு. பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள், மேற்படிப்புக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவு. பாடல் வடிவிலான மூலநூல்களைப் படிக்க வேண்டியிருப்பதால் தமிழில் பிடிப்புள்ள பிள்ளை ரசித்துப் படிக்கும். சித்தாவைச் சித்தாவுக்காக எடுங்கள். பட்டம் வாங்கிக்கொண்டு ஆங்கில மருந்து எழுதலாம் என்று சேர்பவர்கள் தங்களையும் நோயாளியையும் ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

கால்நடை மருத்துவம் எனக்குத் தனிப்பட்ட விருப்பம். தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். 15 விழுக்காடு அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட். 1903இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி எனப் பல இடங்களில் கல்லூரிகள் உண்டு. போட்டி கடுமை, கட்-ஆஃப் உச்சியில் நிற்கும். பொதுத்தேர்வில் அள்ளி, நீட்டில் சறுக்கிய பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. நோயைக் கண்டறிவது, அறுவை சிகிச்சை, மருந்து எழுதுவது எல்லாம் தன் பொறுப்பில். ஆனால் நள்ளிரவில் கன்று குறுக்கே சிக்கிய மாட்டுக்குப் பின்னால், தோள்வரை கையுறை போட்டு, சாணத் தரையில் மண்டியிட வேண்டியிருக்கும். அதைச் செய்ய மனம் வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செவிலியர் படிப்பு நான்கு ஆண்டு. வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இந்தப் பட்டியலிலேயே மிக உறுதியான பதில் இதற்குத்தான். சிறிய தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் உழைப்புக்கு ஈடாக இல்லை என்பதும் உண்மை. வளைகுடா, பிரிட்டன், ஜெர்மனி என்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஜெர்மனிக்கு அந்த மொழியைப் பி2 நிலை வரை, அதாவது சரளமாகப் பேசும் அளவுக்கு, கற்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஆள் எடுக்கிறது, தரகரிடம் போக வேண்டாம். பையன்களும் தயங்காமல் சேரலாம்.

இயன்முறை மருத்துவத்தில் சொந்தமாக மையம் வைக்கலாம். பக்கவாதம், எலும்பு முறிவுக்குப் பின் மனிதர்களை மறுபடி நடக்க வைக்கும் வேலை. பார்மசியில் பி.பார்ம் நான்கு ஆண்டு, பார்ம்.டி ஆறு ஆண்டு. ஆறாண்டு கொடுப்பதற்கு ஏற்ற வேலை நம்மூர் மருத்துவமனைகளில் இன்னும் பரவலாகவில்லை என்பதால் நான் பி.பார்மையே சொல்வேன்.

மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகளைத்தான் வீடுகளில் மிகவும் இளக்காரமாகப் பேசுகிறார்கள். கதிரியக்கம், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், டயாலிசிஸ், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷன், கண் ஒளியியல். என் மாணவி ஒருத்தி மாவட்ட மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். நோயாளியின் முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில் விரலை வைத்துக் கண்ணை மூடினாள். "சார், தொட்டுப் பாருங்க." உள்ளே பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு. அது இருந்தால்தான் ஊசி ஏற்றலாம், இல்லையென்றால் அடைப்பு. இரண்டு ஊசி, நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று முறை. அந்த நோயாளி அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், மருத்துவர் பெயர் அவருக்கு நினைவில்லை. இந்தத் துறைகளுக்குப் பொதுவான அங்கீகாரம் வேண்டும் என்று 2021இல் தனிச் சட்டம் வந்து, தேசிய ஆணையமும் அமைந்திருக்கிறது. பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: சொந்தமாக மருத்துவமனை இல்லாத கல்லூரியில் இந்தப் படிப்புகளில் சேராதீர்கள். நோயாளியைத் தொடாமல் மூன்றாண்டு ஓடிவிடும்.

நாட்களை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள். 2025இல் கால்நடை மருத்துவத்துக்கு மே கடைசியில் விண்ணப்பம் தொடங்கி ஜூன் 20இல் முடிந்தது. நீட் முடிவு வந்ததே ஜூன் 14இல். நீட் ரேங்க் தெரிந்தபின் யோசிக்கலாம் என்று இருந்தவர்களுக்கு மிச்சம் இருந்தது ஆறு நாள். எம்பிபிஎஸ், கால்நடை, மருத்துவம் சார்ந்த படிப்புகள், மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டு வைத்துவிடுங்கள். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான தலைமையாசிரியர் சான்று ஆகியவற்றை ஏப்ரலிலேயே வாங்கிவிடலாம். அந்த 231 மதிப்பெண் பாப்பாவின் அப்பாவோடு இ-சேவை மையத்துக்கு நானும் போனேன். செவிலியர், டயாலிசிஸ் இரண்டையும் அவளே வரிசைப்படுத்தினாள். டயாலிசிஸை மேலே வைத்தாள்.