நொதியைப் பொதிய எந்தப் படலம்: பாலிபிர்ரோலா, பாலிஅனிலினா?

குளுக்கோஸ் உணரிக்காக, குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைப் பிளாட்டினம் மின்முனைமேல் இருத்த வேண்டியிருந்தபோது, எங்கள் முன் இருந்தவை மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு பாலிமர்கள்: பாலிபிர்ரோல், பாலிஅனிலின். நாங்கள் பாலிபிர்ரோலை எடுத்தோம். இன்றும் என் சாய்வு அதன் பக்கமே. செலவிலோ, செலுத்தும் மின்னூட்டத்தைக் கொண்டு படலத்தின் தடிமனைக் கட்டுப்படுத்தும் வசதியிலோ பெரிய வேறுபாடு இல்லை.

தீர்மானித்தது, படலம் எந்தக் கரைசலில் வளரும் என்பதுதான். பாலிஅனிலின் நன்கு கடத்தும் படலமாக வளர வலுவான அமிலம் வேண்டும்; வழக்கமாக 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அல்லது கந்தக அமிலத்தில் வளர்க்கிறார்கள். அதில் நொதியைக் கலந்தால் அது உருக்குலைந்துவிடும் என்பதால், படலத்தை முதலில் வளர்த்துக் கழுவி, பிறகு குளூட்டரால்டிஹைடு கொண்டு நொதியைத் தனியே பிணைக்க வேண்டும். பிர்ரோலோ நடுநிலைக் கரைசலிலேயே, வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனைக்கு எதிராக ஏறத்தாழ 0.7 வோல்ட்டில் பாலிமராகிறது. நொதியின் சமமின்புள்ளி, அதாவது அதன் நிகர மின்னூட்டம் சுழியாகும் பி.எச்., 4.2 அளவில் இருப்பதால் அங்கே அது எதிர்மின்னூட்டம் கொண்டிருக்கும். நேர்மின்னூட்டத்துடன் வளரும் படலம் அதைத் தன்னுள் இழுத்துக்கொள்ள, வளர்த்தலும் பொதிதலும் ஒரே படியில் சில நிமிடங்களில் முடிகின்றன. 1986-லேயே வெளிவந்துவிட்ட வழிமுறை இது.

பாலிபிர்ரோலுக்கும் தொல்லைகள் உண்டு. பிர்ரோல் பழுப்பேறிவிட்டால் காய்ச்சி வடித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். ஒருமுறை சோம்பலால் அதைத் தவிர்த்து, ஒரு தொகுதி மின்முனைகளை வீணாக்கினோம். நொதிவினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும், அதை அளக்கக் கொடுக்கும் மின்னழுத்தமும் சேர்ந்து படலத்தை மிகையாக ஆக்சிஜனேற்றிக் கடத்துதிறனைக் குறைக்கின்றன. ஆனால் பெராக்சைடு படலத்தை ஊடுருவிப் பிளாட்டினத்தில்தான் வினைபுரிகிறது என்பதால் எங்களுக்கு அது பேரிழப்பாகவில்லை. மிகையாக ஆக்சிஜனேற்றப்பட்ட படலம், அளவீட்டில் குறுக்கிடும் அஸ்கார்பிக் அமிலத்தையும் யூரிக் அமிலத்தையும் பெரிதும் தடுத்துவிடுவது லாபமாகவே முடிந்தது.

நடுநிலைக் கரைசலில் பாலிஅனிலினும் கடத்துதிறனை இழக்கிறது, பாலிஅனிலினின் இழப்பை மட்டும் ஏன் குறையாகக் கொள்வது என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. பெராக்சைடை அளக்கும் அமைப்பில் அது என் முதன்மைக் குறையல்ல, அமிலமே குறை. மேலும், யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதியைக் கொண்டு யூரியாவை அளப்பதென்றால், பி.எச். மாற்றத்தை உணரும் பாலிஅனிலினின் அந்த இயல்பே பயனாகிவிடும் என்பதால், அங்கே அதைத்தான் எடுப்பேன். மூன்றாவது வாய்ப்பான பெடாட் (PEDOT) என்ற கடத்தும் பாலிமர், ஆக்சிஜனேற்றத்தை இவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. எனினும் அதன் மோனோமர் நீரில் மிகக் குறைவாகவே கரைகிறது. சில வாரங்களே அதைக் கையாண்டிருப்பதால், அதற்குச் சார்பாகவோ எதிராகவோ உறுதியாகப் பேச மாட்டேன்.