கார்புரேட்டரைக் கழுவுவதா, மாற்றுவதா?

பினாங்கில் தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கம் சிறு படகு வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் நின்றுவிடுகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து மோட்டாருக்குத் தரும் கார்புரேட்டரைக் கழுவினால் போதுமா, புதிதாக மாற்ற வேண்டுமா?

எதையும் கழற்றுமுன், பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். அது மூடியிருந்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராது. அப்புறம், மோட்டார் நிற்கப்போகும்போது பெட்ரோல் குழாயில் உள்ள கைப்பம்பை (ரப்பர் குமிழை) அமுக்குங்கள். அமுக்கியதும் ஒழுங்காக ஓடினால், முதலில் பெட்ரோல் குழாயையும் மோட்டாரின் பெட்ரோல் பம்பையும் பாருங்கள். இதைச் செய்யாமல் கார்புரேட்டர் வாங்குவது வீண்செலவு.

செலவு:
கழுவ, கிளீனரும் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டும் போதும்.
மாற்றினால் பல மடங்கு.

உழைப்பு:
கழுவுவதற்குப் பொறுமை வேண்டும். ஐடிலில், அதாவது மோட்டார் மிக மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் நுண்துளையைக் கம்பியால் குத்தவே கூடாது, துளை பெரிதாகிவிடும்.
மாற்றுவது எளிது, ஐடில் வேகத்தைச் சரிசெய்தால் சரி.

நீடிப்பு:
பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருந்தால் கழுவியதே நன்றாக ஓடும்.
உப்புநீர் உள்ளே அரித்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் மோட்டார் மறுபடி நின்றுவிடும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த மோட்டாருக்குக் கழுவலே ஏற்றது. தினமும் கடலுக்குப் போகிறவர், உள்ளே அரிப்பைக் கண்டால் தயங்காமல் மாற்றிவிடலாம்.